மூன்று விசைக்குக் காவல்

மருத்துவமனையின் சர்வர் அறையைப் பார்த்துக்கொள்கிறவருக்கு நாங்கள் வைத்த பெயர் 'சந்தேகம்'. பூட்டிய கதவைத் திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பார். யாராவது டீ வாங்கிக் கொடுத்தால், என்ன காரியம் ஆகவேண்டும் என்று கேட்பார். பக்கத்து மேஜைக்காரன் என்பதால் அவரோடு தினமும் மல்லுக்கட்டுவது என் தலையெழுத்து.

அவருடைய மச்சினன் இரண்டு பிள்ளைக்காரன், வேலையில்லாமல் இருந்தான். தம்பிக்காகத் தன் மனைவி நச்சரித்ததால் சந்தேகமே சிபாரிசு செய்து அவனை அந்த அறையில் சேர்த்துவிட்டார். அதிலிருந்து சர்வர் அடிக்கடி அணைந்துபோனது. ஒவ்வொரு தடவையும் ரத்தப் பரிசோதனை முடிவுக்காக நோயாளிகள் வரிசையில் காய்ந்தார்கள். இன்னொரு தடவை அணைந்தால் மச்சினனை வீட்டுக்கு அனுப்பிவிடுவதாக மேலாளர் சொல்லிவிட்டார்.

சர்வரை அணைக்க அவன் வேறு மருத்துவமனைக்காரர்களிடம் கைநீட்டிக் காசு வாங்கிவிட்டான் என்று சந்தேகம் ஒற்றைக்காலில் நின்றார். அவன் பையைத் துழாவினார். அக்கா வீட்டில் சாப்பிட உட்கார்ந்தவனிடம், "இன்னிக்கு யார்கூட போன்ல பேசினே?" என்று கேட்டார். அவர் மனைவி அவருக்குச் சோறு போட்டாள், பேச்சை நிறுத்திவிட்டாள். எனக்கே பற்றிக்கொண்டு வந்தது.

கடைசியில் அறைக்குள் கேமரா வைத்தார். அதில்தான் விஷயம் தெரிந்தது. அங்கே இரண்டு கணினிகளுக்கு ஒரே திரை, ஒரே கீபோர்டு. மாற்றிக்கொள்ள ஒரு பித்தான். கன்ட்ரோல், ஆல்ட், டெலீட் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் ஒரு கணினியில் பூட்டு திறக்கும். மற்றது சர்வர், அதுவோ அணைந்து, முதலிலிருந்து தொடங்கும். திரை இருண்டிருந்தால் எது எதென்று தெரியாது. மச்சினன் பூட்டைத் திறப்பதாக நினைத்து சர்வரைச் சாய்த்துக்கொண்டிருந்தான்.

சர்வரில் அந்த மூன்று விசையை முடக்க ஒரு வரிக் கட்டளை போதும். சந்தேகம் அதை அடித்துவிட்டு மச்சினனைக் கூப்பிட்டார்.

"இனிமே நீ எதை அழுத்தினாலும் அணையாது. உன் வேலைக்கு ஒண்ணும் ஆகாது."

"அந்த மூணு விசை விஷயம் உங்களுக்கு எப்ப தெரியும் மாமா?"

"நான் வேலைக்கு வந்த நாள்ல இருந்தே தெரியும்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"வெளிய சொன்னா எவனாவது வேணும்னே அழுத்துவான்னு..."

மச்சினன் அறைச் சாவியை மேஜைமேல் வைத்தான். "அக்காகிட்ட நீங்களே சொல்லிடுங்க" என்று போய்விட்டான்.

சந்தேகம் அந்தச் சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டார். வீட்டில் என்ன சொல்வது என்று என்னிடம் கேட்டார். அவர் என்னை நம்பி ஒன்று கேட்டது அதுதான் முதல் தடவை.