முள் சொன்னால்தான் உண்டு

ஃபிட்டர் மூன்றாவது தடவையாகத் துடைத்துக்கொண்டிருக்கிறார். துணியின் ஒரு மூலையைத் திரித்து, டிரில் மெஷினில் சுழலும் தண்டான ஸ்பிண்டிலின் வாய்க்குள் விட்டு, குழந்தையின் காதைத் துடைப்பதுபோல் ஒரு சுற்று. துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, இன்னொரு சுற்று.

மெஷின் ஓட்டுகிறவள் இடுப்பில் கைவைத்து நிற்கிறாள். காலையிலிருந்து ஏழு டிரில் பிட் உடைந்துவிட்டது. கோளாறு மெஷினில் இல்லையென்றால் நாளை முதல் அவள் பேக்கிங்கில் என்று மேனேஜர் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அவளுக்குக் கை கனமாம். பதினொரு வருடம் கனக்காத கை இன்றைக்கு மட்டும் எப்படிக் கனக்கும்? கேட்க நாதியில்லை.

"அண்ணே, காலெட்டுதான் கோளாறுன்னு காலையிலேயே தலையால அடிச்சிக்கிட்டேனே!"

"நீ சொன்னே. முள்ளு சொல்லலையே."

ஆட்டத்தை அளக்கும் டயலின் முள்ளைத் தவிர எதையும் நம்பாததால் ஃபிட்டருக்குப் பெயரே முள்ளு. மழை பெய்கிறது என்றால் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிப் பார்ப்பார். கல்யாண நாள் எது என்று கேட்டால் பத்திரிகையைத் தேடி எடுத்துத்தான் சொல்வாராம். அந்த மனைவிக்குச் சிலையே வைக்கலாம்.

முதலில் டயலை ஒட்டி வைத்து, வெறும் ஸ்பிண்டிலைச் சுற்றுகிறார். முள் அசையவில்லை. "இது சுத்தம்." இதைச் சொல்ல அரை மணி நேரம்! பிறகு, பிட்டைக் கவ்விப் பிடிக்கும் காலெட்டை மாட்டி, நேரான கம்பி ஒன்றைச் செருகிச் சுற்றுகிறார். முள் நாலு கோடு துள்ளுகிறது. கம்பி நேராகச் சுற்றாமல் ஆடுகிறது.

"பாத்தீங்களா!"

"இரு, இரு."

முள் ஏறிய பக்கம் காலெட்டில் மார்க்கரால் ஒரு புள்ளி. கழற்றி, அரைச் சுற்று திருப்பி மாட்டுகிறார். புள்ளியோடு முள்ளின் ஏற்றமும் நகர்ந்தால் கோளாறு காலெட்டில், நகராவிட்டால் ஸ்பிண்டிலில்.

"அதான் ஸ்பிண்டில் சுத்தம்னு இப்பதானே சொன்னீங்க?"

"அது அப்ப."

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வருகிறது. முள், புள்ளி இருக்கும் பக்கத்தில்தான் துள்ளுகிறது.

காலெட்டைக் கழற்றி நகத்தால் தடவுகிறார். சரிவான பக்கத்தில் சின்னதாக ஒரு பள்ளம். நட்டிலிருந்து காலெட் கழன்று வராததால் எதையோ விட்டு நெம்பிய வடு.

"எந்தக் கட்டையில போறவன் பாத்த வேலை இது?" என்று அவள் கத்துகிறாள். "அவன் கையில கொள்ளி வைக்க!"

முள்ளு தலையைச் சொறிகிறார். "முந்தாநாள் கழட்டினது நான்தான். நெம்பினதும் நான்தான்னு நெனைக்கிறேன். இரு, பாத்துடுவோம்."

அவள் நாக்கைக் கடித்துக்கொள்கிறாள். அந்த நேரம் பார்த்து மேனேஜர் வந்து நிற்கிறார். "என்ன, கை கனம்தானே?"

முள்ளு தன் சட்டைப்பையிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்து, முனையைப் பள்ளத்தில் வைக்கிறார். அச்சாகப் பொருந்துகிறது. பொருந்தியது நழுவிவிடாமல் இரண்டையும் சேர்த்துப் பிடித்தபடி, மேனேஜரின் முகத்துக்கு நேரே நீட்டுகிறார்.