வாடகைக்குடி

யாழ்ப்பாண நகரில் ஒரு சட்டத்தரணியின் கந்தோரில் தட்டச்சாளராக நான் வேலை பார்த்த காலம், இப்போது நீருக்கடியில் கிடப்பதுபோல அசைந்து அசைந்து தெரிகிறது. மின்சாரம் இல்லாத பகல்கள். யன்னலால் விழும் வெயிலுக்கு ஏற்ப மேசையைத் திருப்பி வைத்துக்கொள்வேன். அந்த வெயிலுக்குள் ஒருநாள் ஓய்வுபெற்ற ரீச்சர் ஒருவர் வந்து அமர்ந்தார். தம் வளவிலிருந்த சிறிய வீட்டை ஒரு முஸ்லிம் தையற்காரருக்கு வாடகைக்குக் கொடுத்திருந்தார். தையற்காரர் இறந்துவிட, மகன் தன் குடும்பத்தோடு அங்கேயே இருந்து தைத்து வந்தான். ரீச்சருக்கோ மகளைக் குடிவைக்க அந்த வீடு வேண்டும்.

“தேப்பனுக்குத்தானே குடுத்தனான். உவன் எப்பிடி என்ரை வாடகைக்குடி?” என்றார்.

சட்டத்தரணி ஐயா மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். “வாடகைக்குடியை இங்கிலீசிலை ‘ரெனன்ற்’ எண்டு சொல்லுறம், ரீச்சர். அது லத்தீன் வேர். பிடிச்சு வைச்சிருக்கிறவன் எண்டு கருத்து. எங்கடை சொல்லிலை ‘குடி’ எண்டெல்லோ கிடக்கு. குடி எண்டால் ஒராள் இல்லை. வீடு, குடும்பம், வழிவந்த சனம் எல்லாம்தான். தேப்பன் செத்தாலும் குடி இருக்கும். சட்டமும் கிட்டத்தட்ட இதைத்தான் சொல்லுது.”

“உந்த விளக்கம் எனக்கு வேண்டாம். ஆளை வீட்டாலை எழுப்பித் தாங்கோ.”

வழக்குப் பத்திரங்களைத் தட்டத் தொடங்கினேன். அவை நீதிமன்றம் போகுமுன்பே, தொண்ணூறாம் ஆண்டில், நகரத்து முஸ்லிம்கள் எல்லோரும் இரண்டு மணி நேரத்துக்குள் வெளியேற வேண்டுமென்று போராளி இயக்கத்தின் கட்டளை ஒலிபெருக்கியில் வந்தது. துவக்கேந்தியவர்கள் சந்திகளில் நின்றார்கள். தெருக்கள் ஒரு பகலுக்குள் வெறிச்சோடிப்போயின.

சில நாட்களின் பின் ரீச்சர் மறுபடியும் வந்தார்.

“பெடியன் வீட்டைப் பூட்டித் திறப்பைத் தந்திட்டுப் போட்டான், ஐயா. ‘வீடு இனி உங்களுக்குத்தான் ரீச்சர்’ எண்டான். தையல் மிசின் அப்பிடியே கிடக்கு. நான் எழுப்பச் சொன்னனான்தான். இப்பிடியில்லை.”

பிறகு அவனுக்கு ஒரு கடிதம் எழுத வேண்டுமென்றார் ரீச்சர். ஐயா சொல்லச் சொல்ல நான் தட்டினேன். ‘எனது முன்னாள் வாடகைக்குடியாகிய’ என்று அவர் தொடங்கியதும் ரீச்சர் என் பக்கம் திரும்பினார்.

“முன்னாளை எடுத்துவிடுங்கோ, பிள்ளை.”

புதுத் தாளில் மறுபடி தட்டினேன். ரீச்சர் கையொப்பம் வைத்தார். எங்கே அனுப்புவது என்று தயங்கித் தயங்கி விலாசம் கேட்டேன். தம் வளவுக்குள் இருந்த அந்தச் சிறிய வீட்டின் விலாசத்தையே ரீச்சர் நிதானமாகச் சொன்னார்.

மகளை அவர் அங்கே குடிவைக்கவில்லை. ஐந்து ஆண்டுகள் கழித்து, போர் நெருங்கி நாங்களும் ஊரைவிட்டு நடந்தபோது, அந்த வீடு பூட்டியபடியே இருந்தது.