அவன் பெயரில் விழுந்த என் திருத்தங்கள்

தொண்ணூறுகளில் பெட்டாலிங் ஜெயாவில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் புரோகிராம் ஃபைல்களைக் காப்பது என் வேலை. படிப்பு பள்ளியில் ஐந்தாம் படிவம் வரைதான். ஒருவர் ஃபைலை எடுத்தால் அது பூட்டிக்கொள்ளும். அவர் திருப்பி வைக்கும்வரை மற்றவர் திருத்த முடியாது. பழைய பதிப்பு ஒவ்வொன்றும், திருத்தியவர் பெயரோடு அப்படியே இருக்கும். அவசரத்துக்குப் பூட்டைத் திறக்க எல்லாரும் என் மேசைக்குத்தான் வரவேண்டும். ரசீதில் அச்சாகும் வாசகங்களை நானே திருத்துவேன். வீட்டில் கரண்டு பில் கூட கணவர் பெயரில்தான். அந்த ஃபைல்களில் மட்டும் வரிக்கு வரி என் பெயர் இருந்தது.

பிறகு கிள்ளான் ஊரிலிருந்து ஒரு தம்பி புதுக் குழு ஒன்றோடு கம்பெனிக்கு வந்தான். வெளிநாட்டில் படித்தவன். அவன் குழுவின் முறையில் பூட்டே கிடையாது. இரண்டு பேர் ஒரே ஃபைலைத் திருத்தலாம், கம்ப்யூட்டரே சேர்த்துவிடும். எங்கள் முறையும் அவர்கள் முறையும் ஒத்துப்போக அவன் ஓர் இணைப்புப் புரோகிராம் எழுதினான். இங்கே மாற்றினால் அங்கேயும் மாறும். பூட்டையும் அதுவே திறந்து மூடும். முதலாளி அவன் தோளைத் தட்டினார். எனக்கு வயிறு எரிந்தது. வெள்ளிக்கிழமை பிரிக்பீல்ட்ஸ் கோயிலில் விளக்கேற்றி நின்றால், மகனின் பரீட்சை நினைவுக்கு வரவில்லை. 'முருகா, அந்த இணைப்பு நின்று போகட்டும்' என்றுதான் வாயில் வந்தது.

அது நிற்கவில்லை. திங்கட்கிழமை அவன் குழுவின் ஃபைல்களைத் திறந்து பார்த்தேன். என் திருத்தங்கள் எல்லாம் அவன் பெயரில் இருந்தன.

"தம்பி, இந்த ரசீதெல்லாம் நான் திருத்துனது. உங்க பேரு போட்டிருக்கு?"

"ஐயோ அக்கா, இணைப்பு என் பேருல ஓடுது லா. அதான் எல்லாத்துக்கும் என் பேரு விழுந்திருச்சி."

"அப்ப நான் இத்தனை வருஷம் இங்க சாமி படத்துக்குப் பூப்போட மட்டுந்தான் வந்தேனா?"

பக்கத்து மேசையில் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. சாப்பிடக்கூடப் போகாமல் உட்கார்ந்து மாற்றினான். "அக்கா, வந்து பாருங்க, உங்க பேரு!" என்று கூப்பிட்டான். வரிக்கு வரி இருந்தது. கண் கலங்கிவிட்டது.

ஆனால் பூட்டைத் திறக்கச் சொல்லி அதன்பிறகு யாரும் என்னிடம் வரவில்லை. "பாஸ், ஒரு நிமிஷம்" என்று எல்லாச் சிக்கலுக்கும் அவனிடம்தான் போனார்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமை, நல்ல பிள்ளைதானே என்று அவனுக்காக அர்ச்சனைத் தட்டு வாங்கினேன். "யாரு பேருக்கும்மா?" என்று குருக்கள் கேட்டார்.

என் பெயரையும் நட்சத்திரத்தையும் சொல்லிவிட்டேன்.