கேள்வி கேட்க வந்தவர்களும் எவர்சில்வர் ஊசியும்

செஞ்சிக் கடைத்தெருவில் எங்களுடையது வெல்ல மண்டி. கல்லாவில் அண்ணன் உட்காருவார். நான் உள்ளே மூட்டை அடுக்குவேன், எடை போடுவேன். நான் ஐந்தாவதோடு நின்றவன் என்பதற்காக வந்த ஏற்பாடு அல்ல அது. எதிரில் ஆள் நின்றால் எனக்கு நாக்கு எழும்பாது. மூட்டைகளோடு அந்தத் தொல்லை இல்லை.

அறுபதுகளின் நடுவில், அரிசி கிடைக்காமல் ரேஷன் கடையில் மைலோ என்கிற அமெரிக்கச் சோளம் போட்ட காலத்தில், என் மகளுக்குச் சர்க்கரை வியாதி வந்தது. அவளுக்கு அப்போது ஏழு வயது. பானைத் தண்ணீரை ஒரே ஆளாகக் குடித்தாள், தின்னத் தின்ன இளைத்தாள். ஒரு நாள் காலையில் எழுப்பினால் எழவில்லை. பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் அவளை மீட்டுக் கொடுத்தார்கள். ஊசி போட எனக்கே சொல்லித் தந்தார்கள். சாத்துக்குடிப் பழத்தில் குத்திக் குத்திப் பழகினேன். புறப்படும்போது அங்கிருந்த நர்சம்மா, "காலையில சாயங்காலம் தவறவே கூடாது. நிறுத்தினீங்கன்னா பொண்ணு இருக்க மாட்டா" என்றார். அதற்கு மேல் எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

மருந்துப் புட்டியை ஈரமணல் நிரப்பிய மண்சட்டியில் புதைத்து வைத்தோம். சிறுநீரில் சர்க்கரை இருக்கிறதா என்று பார்க்க ஒரு நீல மருந்தும் கண்ணாடிக் குழாயும் கொடுத்திருந்தார்கள். மருந்தில் சில சொட்டு விட்டுக் காய்ச்சி, நீலம் நீலமாகவே நின்றால் நல்லது. பச்சை, மஞ்சள் என்று ஏறி, செங்கல் நிறத்துக்குப் போனால் ஆபத்து. மகள் குழாயை எட்டிப் பார்த்து, "நைனா, இன்னிக்கு செங்கல்லு" என்பாள், ஏதோ வீடு கட்டப் போகிறவள் மாதிரி.

வெல்ல மண்டிக்காரர் வீட்டிலேயே சர்க்கரை வியாதி என்றால் கடைத்தெரு சும்மா இருக்குமா. "இன்னா மொதலாளி, அச்சுவெல்லம் வாங்குனா வியாதி கொசுறா?" என்று அண்ணனைக் கேட்டார்கள். அண்ணன் வியாபாரம் தெரிந்தவர். அது சர்க்கரை வியாதியே இல்லை, ஒரு மாதிரியான உடம்புச் சூடு என்று எல்லோரிடமும் சொல்லி வைத்தார்.

இந்த நிலையில்தான் பட்டணத்திலிருந்து இரண்டு டாக்டர்கள் காரில் வந்து இறங்கினார்கள். ஒருவர் தலை நரைத்தவர், இன்னொருவர் டை கட்டிய இளைஞர். சின்னப் பிள்ளைகளுக்கு இந்த வியாதி ஏன் வருகிறது என்று ஆராய்ச்சி செய்கிறார்களாம். சாப்பாட்டினாலா, கைக்குழந்தையாக இருந்தபோது பட்ட அதிர்ச்சியினாலா, இல்லை வேறு எதனாலாவதா என்று வீடு வீடாகக் கேட்டு வருகிறார்கள். "காரணம் எங்களுக்கும் தெரியாது. அதனாலதான் கேக்கறோம்" என்று பெரியவர் முதலிலேயே சொன்னார். அந்த வீட்டில் அதைக் காதில் வாங்கியவன் நான் ஒருவன்தான் போலிருக்கிறது.

பெற்றவன் நான்தான் என்றாலும் பதில் சொல்ல அண்ணன் உட்கார்ந்தார். அவர் பக்கத்தில் அண்ணி. கதவருகில் என் மனைவி. வாசலை அடைத்துக்கொண்டு பாதிக் கடைத்தெரு.

"குழந்தை வழக்கமா என்ன சாப்பிடும்?" என்று இளைய டாக்டர் ஆரம்பித்தார்.

அண்ணன் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "காலைல நெய் ஊத்தி இட்லி. மத்தியானம் சீரகசம்பா சோறு, பருப்பு, தயிர். ராத்திரி பால்ல பாதாம் பருப்பு அரச்சிப் போட்டுக் குடுப்போம்."

அன்று காலையில் நாங்கள் தின்றது மைலோக் களி. முந்தின நாளும் அதுதான். மகள் வாயைத் திறந்தாள். அண்ணி அவள் தொடையைக் கிள்ளினாள். பட்டணத்து ஆட்கள் முன்னால் குடும்ப மானம் போகக் கூடாதல்லவா. டாக்டர் மரியாதையாக எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். உலகத்தில் எந்த ஆராய்ச்சியிலாவது பாதாம் பருப்புக்குக் கெட்ட பெயர் வந்திருந்தால் அது எங்கள் வீட்டுப் பாவம்.

"வீட்டுல சண்டை சச்சரவு உண்டா?"

"சண்டையா? எங்க வூட்லயா?" என்றார் அண்ணன்.

"நானும் அவளும் கூடப்பொறந்தவங்க மாதிரி" என்று அண்ணி என் மனைவியைக் காட்டினாள். பொங்கலிலிருந்து இருவரும் பேசிக்கொள்வதில்லை. குழம்பில் உப்பு போட்டாயிற்றா என்பதைக்கூட என் மகள் மூலமாகத்தான் கேட்டுக்கொள்வார்கள்.

கடைசியாகத்தான் அந்தக் கேள்வி வந்தது. "சின்ன வயசுல குழந்தை எதுக்காவது ரொம்ப பயந்திருக்காளா?"

இதற்கு வாசலில் இருந்தவர்களும் பதில் சொல்லத் தொடங்கினார்கள். இடி விழுந்தது என்று ஒருவர் சொன்னார், மாடு முட்ட வந்தது என்று இன்னொருவர். அண்ணி எல்லோரையும் கையமர்த்தினாள். "கோட்டக் கொரங்கு. தூளில கெடந்த கொளந்தமேல தாவிடுச்சி. பெத்தவ கொல்லப்பக்கம் இன்னா பண்ணிக்கினு இருந்தாளோ."

மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். குரங்கு வந்தது உண்மை. ஆனால் அது தாவியது முறத்தில் காய்ந்த வேர்க்கடலை மேல். குழந்தை அதைப் பார்த்துச் சிரித்தது. அதைச் சொல்ல நான் வாக்கியத்தைத் தயார் செய்து முடிப்பதற்குள் டாக்டர்கள் எழுந்துவிட்டார்கள். வெயில் சாய்வதற்குள் கோட்டை பார்க்க ராஜகிரி மலை ஏற வேண்டுமாம்.

அவர்கள் மலை ஏறி இறங்குவதற்குள் கடைத்தெருவில் ஆராய்ச்சி முடிந்துவிட்டது. குழந்தை பயந்தாளா என்று டாக்டர் கேட்டாரா? கேட்டார். அத்தனை தூரம் காரில் வந்து ஒருவர் காரணமில்லாமல் கேட்பாரா? ஆகவே வியாதிக்குக் காரணம் பயம். பயத்துக்குக் காரணம் குரங்கு. குரங்குக்குக் காரணம் என் மனைவி. அண்ணனுக்கு இது ரொம்பப் பிடித்திருந்தது. குரங்கினால் வந்த வியாதியை வெல்லத்தின் தலையில் யாரும் கட்ட முடியாது.

பயத்துக்கு எங்கள் பக்கத்தில் மந்திரிப்பார்கள். தொண்டூரில் இருந்த ஒரு பெரியவரை அண்ணன் வண்டி வைத்து அழைத்து வந்தார். வெள்ளிக்கிழமை விடியற்காலையில், நான் ஊசியைக் கொதிக்க வைப்பதற்கு முன்பே, அவர் வேப்பிலை அடித்து, என் மகளின் கையில் மஞ்சள் காப்பு கட்டி, சொம்புத் தண்ணீரை மந்திரித்து, சொம்பு அவள் உச்சியில் படத் தலையில் ஊற்றினார். காப்பு கட்டினால் அமாவாசையில் அதை அவிழ்க்கும் வரை உடம்பில் இரும்பு படக் கூடாது. அது ஊரறிந்த கட்டு. அமாவாசைக்கு இன்னும் பத்துப் பன்னிரண்டு நாள் இருந்தது.

"அண்ணா, ஊசி..." என்றேன்.

"ஊசி இரும்புடா. பயம் போச்சின்னா வியாதியும் போவுது. டாக்டரே கேட்டாரில்ல?"

"நிறுத்தக் கூடாதுன்னு நர்சம்மா..."

"நர்சு பெருசா, டாக்டரு பெருசா?"

ஊசி டப்பாவை மடியில் செருகிக்கொண்டு மண்டிக்குப் போனேன்.

மத்தியானம் குழாயில் செங்கல் வந்தது. மகள் பானையை விட்டு நகரவில்லை. குவளை குவளையாகக் குடித்துவிட்டு, குடித்த கையோடு படுத்துக்கொண்டாள். பெரியப்பா வாங்கி வந்த பொம்மையைக்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. மனைவி சூடு ஆறாத குழாயை எடுத்துக்கொண்டு மண்டிக்குள் வந்தாள். மூட்டைகளுக்கு நடுவில் நின்ற என் முகத்துக்கு நேராக அதைப் பிடித்தாள்.

"இன்னிக்கும் மூட்டைங்ககிட்டதான் பேசுவீங்களா?"

குழாயை என் கையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

நான் அங்கேயே நின்று ஒத்திகை பார்த்தேன். நீங்கள் செய்வது தப்பு என்று வெல்ல மூட்டையிடம் சொல்லிப் பார்த்தேன். மூட்டையிடமே குரல் நடுங்கியது. அப்போதுதான் அந்த டாக்டர்களை நினைத்துக்கொண்டேன். அவர்கள் இதைச் செய், அதைச் செய்யாதே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. கேள்வி மட்டும்தான் கேட்டார்கள். அதற்கே ஊர் தலைகீழாகப் புரண்டது. கேள்வி என்றால் எனக்கும் ஒன்று கேட்க வரும்.

வீட்டுக்குள் போனேன். தொண்டூர்ப் பெரியவர் சாப்பிட்டுவிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். காலையில் மந்திரித்த சொம்பு அவர் பக்கத்தில் பளபளத்தது. எவர்சில்வர் ஊரில் புதுசாகப் பரவிய நேரம். அண்ணன் பாத்திரக் கடையில் பொறுக்கி எடுத்து, மரியாதையாக அவருக்குக் கொடுத்த சொம்பு அது. அண்ணன், அண்ணி, வந்த உறவுக்காரர்கள் எல்லோரும் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். நான் தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டேன்.

"சாமி, ஒரு சந்தேகம். இந்தச் சொம்பு இரும்புங்களா?"

பெரியவர் மெல்லுவதை நிறுத்தினார். இரும்பு என்றால் காலையில் அவர் கையாலேயே காப்பு கெட்டுப் போயிற்று. சொம்பையும் திருப்பித் தர வேண்டிவரும்.

"இது எப்பிடிப்பா இரும்பாவும்? துருப் புடிக்குதா?"

"இல்லிங்க."

"இதுல வெச்ச தண்ணிதான சாமிக்கே படைக்கிறோம். இரும்புல படைப்பாங்களா?"

"இல்லிங்க." மடியிலிருந்து ஊசி டப்பாவை எடுத்துத் திறந்து அவர் முன்னால் வைத்தேன். "தெனம் ரெண்டு வேள தண்ணில கொதிக்குது. இது ஏன் சாமி துருப் புடிக்கல?"

அவர் ஊசியை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். சொம்பைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அவர் பார்வை என் மகள் படுத்திருந்த பக்கமும் ஒருமுறை போய் வந்தது. அவருக்கு எவ்வளவு புரிந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

"எவர்சில்வரு" என்று டப்பாவில் திரும்ப வைத்தார்.

உடனே வீட்டில் வாதம் கிளம்பியது. ஊசி எப்படி எவர்சில்வர் ஆகும், அதைக் கொல்லன் அல்லவா அடிப்பான் என்று ஓர் உறவுக்காரர் கேட்டார். அண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது. தான் விலை கொடுத்து வாங்கிய சொம்பின் மானமும் இப்போது அதில் சேர்ந்திருந்தது.

"யோவ், எவர்சில்வரு எங்க விக்கிறான்? பாத்திரக் கடைலயா, இரும்புக் கடைலயா?"

"பாத்திரக் கடைலதான்."

"அப்பறம் இன்னா? எனக்கு வியாபாரம் சொல்லிக் குடுக்க வந்துட்டான்." பிறகு என் பக்கம் திரும்பினார். "நீ இன்னாடா நின்னுக்கினு இருக்கிற? கொளந்த வாடிப் போய்க் கெடக்குது. போயி ஊசியப் போடு."

கொதிக்க வைத்துப் போட்டேன். ஒரு வேளை தவறிப் போயிருந்தது. அன்று முழுக்க மகள் சுருண்டே கிடந்தாள், மனைவி பக்கத்தை விட்டு எழவில்லை. மறுநாள் காலையில் குழாயில் மஞ்சள். அதற்கு மறுநாள் பச்சை. காப்பு கையில் இருந்தபடியே இருந்தது. அமாவாசையன்று பெரியவர் வந்து அவிழ்த்தார், குழந்தைக்குப் பயம் தெளிந்துவிட்டது என்றார். எல்லோரும் ஒப்புக்கொண்டோம்.

எவர்சில்வரில் பெரும்பகுதி இரும்புதான் என்று வெகுகாலம் கழித்து ஒரு பாத்திர வியாபாரி என்னிடம் சொன்னார். நான் கேட்டுக்கொண்டேன். அண்ணனிடம் சொல்லவில்லை.

மறுவருஷம் டாக்டர்கள் மறுபடி வந்தார்கள். மகள் எதிரில் வந்து நின்றதும் தலை நரைத்த டாக்டர் அவள் கன்னத்தைத் தட்டி, என்ன செய்தீர்கள் என்று கேட்டார். "மந்திரிச்சோம். பயம் போயிடுச்சி. ஊசியும் வுடாம போடறோம், எவர்சில்வரு ஊசி" என்றார் அண்ணன். இளைய டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நான் என் கால் கட்டைவிரலைப் பார்த்தேன். அவர் மறுபடி எழுத ஆரம்பித்தார்.

அன்றும் அவர்களுக்கு மலை ஏற வேண்டியிருந்தது. வழி காட்ட மகள் கிளம்பினாள். ஊசி போடுகிற பிள்ளைகளுக்குத் திடீரென்று சர்க்கரை இறங்கித் தலை சுற்றும் என்பதால் அவள் பாவாடை முடிச்சில் எப்போதும் ஒரு துண்டு வெல்லம் இருக்கும். தின்னக் கூடாத பண்டத்தை முடிந்துகொண்டு திரிவதில் அவளுக்குப் பெருமை.

வெயில் சாய்ந்து திரும்பியபோது முடிச்சு காலியாக இருந்தது. பதறிப் போய், மயக்கம் வந்ததா என்று கேட்டேன்.

"எனக்கு இல்ல நைனா. பாதி மலைல அந்த டை கட்ன டாக்டருக்குத் தல சுத்திடுச்சி. அவருக்குக் குடுத்துட்டேன்."

"தின்னாரா?"

"தின்னுட்டு, எந்தக் கட வெல்லம்னு கேட்டாரு" என்றாள்.