ரெஜினா அக்காவின் பெரிய திரை

ஒரு பழைய கணினியின் திரையை அறைக்குள் பூட்டி வைத்ததில் யாருக்கு என்ன மிச்சம்? போன வருடத்திலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ரெஜினா அக்கா முந்தநாள் காலை போய்விட்டார். மாரடைப்பு என்றார்கள்.

எந்த அலுவலகம் என்று எழுதவில்லை. யாழ்ப்பாணத்துத் தீவுப் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும்... விண்ணப்பங்களைக் கணினியில் ஏற்றுகிற, கண்ணாடி போட்ட, சத்தமாகச் சிரிக்கிற அக்கா. எனக்குப் பக்கத்து மேசை.

அந்தத் திரைக்கும் இந்த மரணத்துக்கும் தொடர்பு என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்கிறவர்களை நம்புகிற ஆளும் இல்லை.

ஆனால் நேற்று கரம்பொன் சேமக்காலையில், சவப்பெட்டியைக் குழிக்குள் இறக்குவதற்கு முன், எங்கள் அதிகாரி பேசினார். "பார்வை குறைந்த நிலையிலும் தன் வேலையைக் கைவிடாத உத்தமி" என்றார்.

அருகில் நின்ற அக்காவின் கணவர் தலையை ஆட்டினார். அவருக்கு ஒன்றும் தெரியாது. எனக்குத் தெரியும்.

எல்லோருக்கும் சின்ன லப்டொப் தந்தார்கள். பழைய கணினிகளை இனிப் பாவனைக்கு இல்லை என்று கழித்துக் களஞ்சிய அறையில் போட்டார்கள். அக்காவுக்குச் சீனி வருத்தம், நீரிழிவு; அது கண்ணைப் பிடித்துவிட்டது. எழுத்தைப் பெரிதாக்கினால் விண்ணப்பத்தின் பாதி திரைக்கு வெளியே போய்விடும்.

லப்டொப்போடு கொழுவப் பெரிய திரையாக மொனிற்றர் ஒன்று கேட்டோம். லப்டொப் தந்தாயிற்று, மொனிற்றர் எதற்கு என்றார்கள். வீட்டிலிருந்து கொண்டுவருகிறேன் என்றார் அக்கா. வெளிப் பொருள் உள்ளே வரக்கூடாதாம்.

களஞ்சியத்தில் ஒரு கணினி கிடந்தது. திரையும் கணினியும் ஒரே உடம்பாக இருக்கிற வகை. ஓட்டம் மந்தம், ஆனால் திரை அகலம், ஒரு கீறல் இல்லை. அதை மட்டும் மொனிற்றராகப் பாவித்தால் என்ன என்று அக்காதான் கேட்டார்.

நானும் அவரும் கேபிளைக் கொழுவினோம். ஒன்றும் வரவில்லை. கழற்றித் திருப்பிக் கொழுவினோம். பிறகு தேடிப் பார்த்தால், அந்தத் துளை படத்தை வெளியே அனுப்ப மட்டும்தான், உள்ளே வாங்காது.

"குடுக்க மட்டும்தான் தெரியுமோ இதுக்கு? என்ர மனுசனுக்கு நேர் எதிர்!" என்று அக்கா சிரித்த சிரிப்பில் முன்மேசையில் நின்ற சனத்தின் வரிசையே திரும்பிப் பார்த்தது.

கடைசியில் வைஃபை வழியாக முடிந்தது. பழைய கணினியையும் ஓட விட்டு, லப்டொப்பின் படத்தை அதன் திரையில் விழுத்தலாம். மவுஸை நகர்த்தினால் அம்பு ஒரு மூச்சு விட்டுத்தான் வரும்.

"குறிகட்டுவான் போட் மாதிரி. வரும், ஆனா ஆறுதலாத்தான் வரும்" என்றார். அந்த வேகத்துக்குக் கையைப் பழக்கிக்கொண்டார். அந்த மாதங்களில் அவர் ஏற்றியதில் ஒரு பிழைகூடத் திரும்பி வரவில்லை.

பிறகு, வருடாவருடம் பொருட்களைச் சரிபார்க்க வருகிறவர்கள் வந்தார்கள். கழித்த பொருள் மேசையில் இருக்கிறது என்று பிடித்துக்கொண்டார்கள்.

"அக்கா, இது கழிச்ச கொம்பியூட்டர். ஓட விடக்கூடாது."

"வேலை செய்யிறது லப்டொப், தம்பி. இது சும்மா முகம் பாக்கிற கண்ணாடி மாதிரி."

"அப்ப மொனிற்றர் எண்டு பதிஞ்சிருக்க வேணும்."

"இப்ப பதியுங்கோவன்."

"ஏலாது அக்கா. உள்ளுக்குள்ள கொம்பியூட்டர் கிடக்கே."

நான் இதைக் கற்பனை செய்யவில்லை. பக்கத்தில் நின்று கேட்டேன்.

அக்கா கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப என்ர கண்ணையும் கழிச்சதெண்டு எழுதி, அதோடயே அறைக்குள்ள போட்டுப் பூட்டுங்கோ."

திரையைத் திரும்பக் களஞ்சியத்தில் போட்டுப் பூட்டினார்கள். அவர்களும் கொடியவர்கள் இல்லை. போகும்போது ஒருவர் சொல்லிவிட்டுத்தான் போனார்: "உங்கட சேர் ஒரு வரி எழுதி அனுப்பினால் காணும். திருப்பி எடுத்து வைக்கலாம்."

ஒரு வரி. இந்தப் பொருள் இவருக்குத் தேவை என்று ஒரு வரி.

நான் அதிகாரியிடம் போய்க் கேட்டேன். "பாப்பம்" என்றார். அக்கா போய்க் கேட்டார். "பாப்பம், பாப்பம்." தைப்பொங்கலுக்கு முன் கேட்டது, பெரிய வெள்ளிக்கும் பாப்பம்தான்.

அதற்குள் அக்கா லப்டொப்பில் மூக்கு முட்டக் குனிந்து வேலை செய்து, பிழை விட்டு, அந்தப் பிழைக்கு விளக்கம் கேட்கப்பட்டு, முன்மேசைக்கு மாற்றப்பட்டார். வருகிறவர்களுக்கு இலக்கத் துண்டு கிழித்துக் கொடுக்கிற வேலை. இருபது வருடத்துக்கு மேல் விண்ணப்பம் பார்த்த மனுசிக்கு.

"துண்டு கிழிக்கக் கண் தேவையில்லைத்தானே" என்று ஒருவர் பகிடி விட்டார். பெயர் சொல்லமாட்டேன். இதைப் படிப்பார்.

அக்கா சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு சாப்பாட்டு நேரத்திலும் என் மேசைப் பக்கம் வருவது குறைந்துவிட்டது. ஒருநாள் பஸ்ஸுக்கு நிற்கும்போது மட்டும் சொன்னார்: "நான் ஏலாமல் அந்தக் கதிரையால எழும்பேல்லை, பிள்ளை. எழுப்பி விட்டவங்கள். அதை நீர் மறக்கக்கூடாது."

மறக்கவில்லை அக்கா. அதற்காகத்தான் இது. உத்தமி என்றதைக் கேட்டிருந்தால் நீங்கள் அந்த இடத்திலேயே எழும்பி ஏதாவது சொல்லியிருப்பீர்கள்... போய் வாருங்கள்.

இன்று காலை கந்தோருக்கு வந்ததும் அதிகாரியின் அறைக்குப் போனேன்.

"சேர், நேற்றுச் சேமக்காலையில அவ்வளவு சொன்னனீங்கள். அந்த ஒரு வரியை ஏன் எழுதேல்லை?"

அவர் கோபப்படக்கூட இல்லை. "என்ன மிஸ், செத்த வீட்டில கதைச்சதைக் கந்தோரில வந்து கேக்கிறதே?"

பிறகு, முன்மேசையில் ஆள் இல்லை, இன்றைக்கு நீங்கள் இருங்கோ என்றார்.

வெளியே சனம் வரிசையில் நின்றது. போய் இருந்தேன்.