இடது ஷூவின் உயரம்

பெங்களூர் இந்திராநகரில் அந்தக் கடை இருக்கும் தெரு வழியாக ஆட்டோ போனால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கண்ணாடிக்குள் விளக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள். வெள்ளைத் தோல், சிவப்புக் குதிகால், முனையில் வெள்ளிப் பட்டை. என் அப்பா மேடையில் போட்டு ஆடிய ஷூ. அதாவது, அப்படித்தான் அவர்கள் சொல்லிக்கொள்கிறார்கள்.

அப்பாவை உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். சிவாஜிநகரிலும் காக்ஸ் டவுனிலும் கோலார் தங்கவயலிலும் ஐம்பது வயதைத் தாண்டிய தமிழர் யாரைக் கேட்டாலும் தெரியும். அம்மன் திருவிழாவோ மாதா திருவிழாவோ நவம்பரில் வரும் கன்னட ராஜ்யோத்சவமோ, ஆர்கெஸ்ட்ரா மேடையில் கடைசியாக ஏறிப் பாடிக்கொண்டே ஆடுபவர் அவர்தான். அவருக்கென்று ஒரு நடை இருந்தது. வலது காலை இழுத்து, இடது தோளைத் தூக்கி, ஒரு வெட்டு. எங்கள் தெருப் பையன்கள் பள்ளிக்கூடத்துக்கே அப்படித்தான் நடந்து போனார்கள்.

அந்த நடை எப்படி வந்தது என்பது அம்மாவுக்கும் எனக்கும் ஷூ தைத்தவருக்கும் மட்டும் தெரியும். சிறு வயதில் வந்த போலியோவால் அப்பாவின் இடது கால் இரண்டு விரற்கடை குட்டை. இடது ஷூவுக்கு மட்டும் அடியில் கூடுதலாகத் தோல் அடுக்கித் தைக்கச் சொல்வார். பெல்பாட்டம் தரையைப் பெருக்குகிற அளவுக்குத் தொங்கும். அதையும் மீறித் தெரிகிற நொண்டலை மறைக்கத்தான் அந்த இழுப்பும் வெட்டும். கைதட்டுகிறவன் ஆட்டத்துக்குத் தட்ட வேண்டும், ஐயோ பாவம் என்று தட்டக் கூடாது என்பது அவர் பிடிவாதம். நாற்பது வருஷம் அதைக் கட்டிக் காத்தார்.

நான்தான் கெடுத்தேன். ஒரு மத்தியானம் ஷூ வடிவமைக்கும் பெண் ஒருத்தி வீடு தேடி வந்தாள். மதுரைப் பக்கத்துப் பெண், பெங்களூருக்கு வந்து சொந்தமாகக் கம்பெனி வைத்திருக்கிறாள். அப்பாவின் பழைய வீடியோக்களைக் கரைத்துக் குடித்திருந்தாள்.

"அக்கா, ஐயா போட்ட ஷூவை வெச்சே ஒரு டிசைன் பண்றோம். ரெண்டு வாரம் குடுங்க, அளவெடுத்துட்டுத் தந்துடறேன்."

அப்பா மாத்திரை போட்டுக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். எழுபத்தைந்து வயதில் அவரை யாரோ தேடி வந்துவிட்டார்கள் என்ற பூரிப்பு எனக்கு. பீரோவைத் திறந்து, துணிப்பையில் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

எழுந்ததும் கேட்டார். "ரெண்டையுமா குடுத்தே?"

"ஆமாப்பா."

"அடிப்பக்கத்தப் பாத்தாளா?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது.

சொன்னபடி ஷூ திரும்பி வந்தது. அவள் ஒன்றும் கேட்கவில்லை. சில மாதம் கழித்து அழைப்பும் வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை அறிமுக விழா, ஐயா அளவிலேயே ஒரு ஜோடி தயாராக இருக்கிறது, அதைப் போட்டுக்கொண்டு மேடையில் நாலு அடி நடந்தால் போதும். அப்பா தலைக்குச் சாயம் பூசிக்கொண்டார்.

"அளவெடுத்தவளுக்குத் தெரியாமலா இருக்கும்? வெளிய சொல்லாம செஞ்சிருக்கா பாரு. நல்ல பொண்ணு" என்றார்.

மேடைக்குப் பின்னால் பெட்டியைத் திறந்தார்கள். இரண்டு ஷூவும் ஒரே உயரம்.

"இடதுல..." என்று இழுத்தேன்.

"ஆமாக்கா, லெஃப்ட்ல ஒரு டிஃபெக்ட் இருந்துச்சு. பழைய காலத்து வேலை இல்லையா, ஏத்தித் தெச்சுட்டாங்க. வலதை வெச்சே ரெண்டையும் கரெக்ட் பண்ணிட்டோம்."

எனக்கு உச்சந்தலை வரை சுர்ரென்று ஏறியது. வீடியோவை அத்தனை தடவை பார்த்தவள், ஷூவை இஞ்ச் இஞ்சாக அளந்தவள், அதைப் போட்டிருந்த காலை ஒரு நிமிஷம் நினைத்துப் பார்க்க மாட்டாளா? அவ்வளவு தோல் தவறிப்போய் அடுக்கிக்கொள்ளுமா? தைத்தவர் கண்ணை மூடிக்கொண்டா தைத்தார்? நாலு வார்த்தை நறுக்கென்று கேட்க வாயைத் திறந்தேன். அப்பா என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினார்.

"சைஸ் சின்னதா இருக்குன்னு சொல்லிடு" என்றார் காதோடு.

சொன்னேன். தன் பழைய ஷூவிலேயே நடப்பதாக அப்பாவும் சொன்னார். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. "கேமரா எல்லாம் காலையே பாக்கும், ஐயா. புது ஷூவைக் கையில புடிச்சுட்டு வெறுங்கால்ல வாங்க, செமையா இருக்கும்." அதற்குள் வெளியே பாட்டைப் போட்டுவிட்டார்கள். கூட்டம் அப்பா பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது. அதைக் கேட்டும் உட்கார்ந்திருக்க அவருக்குத் தெரியாது.

வெறுங்காலோடு ஏறினார். ஊரார் முன்னால் அவர் நொண்டியதை அன்றுதான் பார்த்தேன். ஒவ்வொரு அடிக்கும் உடம்பு இடது பக்கம் சாய்ந்து சாய்ந்து எழுந்தது.

விசில் பறந்தது. "அதே ஸ்டைல்! கொஞ்சம்கூட மாறல பாரு!" என்றார் என் பக்கத்தில் நின்றவர். அவரை அறையலாம் போலிருந்தது. அந்தப் பெண்ணோ கண் கலங்கிக் கைதட்டிக்கொண்டிருந்தாள்.

"ஒன்ஸ் மோர்!" என்று எல்லாரும் கத்தினார்கள்.

மேடைக் கலைஞர்கள் அதை மறுக்க மாட்டார்கள். அப்பாவும் திரும்பினார். இரண்டு அடி வைத்து நின்றார். ஷூவைக் கீழே வைத்துவிட்டு மைக்கைக் கேட்டு வாங்கினார்.

"ஸ்டைல் இல்ல, கண்ணுங்களா" என்றார். "கால் குட்டை. வலிக்குது."

அதற்கும் விசிலடித்தார்கள்.