மெர்வின் ஹக்கபி கண்டெடுத்த காசு

மெர்வின் ஹக்கபி முப்பத்தோரு வருஷம் கார் ஓட்டக் கற்றவர்களுக்குத் தேர்வு வைத்து ஓய்வு பெற்றவர். அந்த வட்டாரத்தில் பாதிப் பேர் அவரிடம் ஒரு தடவையாவது தோற்றிருக்கிறார்கள். பின்கண்ணாடியைப் பார்க்காவிட்டால் தோல்வி. பார்த்ததை மெர்வின் பார்க்காவிட்டாலும் தோல்விதான். ஓய்வுக்குப் பிறகு திருத்துவதற்கு ஆள் கிடைக்காமல் தவித்தவர், கடைசியில் ரோமானியர்களைப் பிடித்துக்கொண்டார். எட்டுப் புத்தகம் படித்தார். தொலைக்காட்சியில் பழைய இடிபாடுகளைத் தோண்டுகிறவர்களைப் பார்த்து, "தப்பு, தப்பு" என்று சோபாவிலிருந்தே சொல்லிக்கொடுத்தார்.

காட்ஸ்வோல்ட் மலைச்சரிவில் ஒரு செம்மறி வயலுக்கடியில் ரோமானிய மாளிகையின் சுவர் தட்டுப்பட, ஆர்வலர்களுக்கு வார இறுதி அகழாய்வுப் பயிற்சி என்று அறிவிப்பு வந்தது. மெர்வின் முதல் ஆளாகப் பெயர் கொடுத்தார். சனிக்கிழமை காலை அகன்ற தொப்பியும், இடுப்பில் தோலுறையில் செருகிய, மண் சுரண்டும் புத்தம்புதுக் கரணையுமாக வயலில் இறங்கினார். முழங்காலில் ஒட்டுப்போட்ட கால்சட்டையோடு ஒரு பெண் தோண்டும் இடத்தைச் சதுரம் சதுரமாகப் பிரித்துக் கயிறு கட்டிக்கொண்டிருந்தாள்.

"உங்க தலைமை ஆய்வாளர் எங்கேம்மா?"

"நான்தான். இமோஜன் ராத்."

"ஓ," என்றார் மெர்வின். அந்த ஒற்றை எழுத்தில் அவள் தேர்வில் தோற்றுப்போனது தெரிந்தது.

அவருக்கு ஒதுக்கிய சதுரத்துக்கு அடுத்த சதுரம் டோரின் ஸ்டப்ஸுக்கு. பள்ளிக்கூடச் சமையலறையில் ஆயுள் முழுக்கப் பிள்ளைகளுக்கு உருளைக்கிழங்கு மசித்துப் போட்டவர், எழுபது வயது. வீட்டிலிருந்து கொண்டுவந்த பழைய மெத்தையில் முழங்காலை ஊன்றிக்கொண்டு சுரண்ட ஆரம்பித்தார்.

"கரணையை அப்படிப் பிடிக்கக்கூடாதுங்க. மணிக்கட்டு மடங்கவே கூடாது."

"சரி கண்ணு," என்று சொல்லிவிட்டு டோரின் அப்படியேதான் பிடித்துக்கொண்டார்.

பதினோரு மணித் தேநீருக்கு முன்னாலேயே டோரினுக்கு எலும்பில் செதுக்கிய கொண்டை ஊசி ஒன்று கிடைத்துவிட்டது, முனைகூட உடையாமல். எல்லோரும் ஓடிவந்து கைதட்டினார்கள்.

"அதிர்ஷ்டம்தான்," என்றார் மெர்வின்.

"உனக்கும் வரும் கண்ணு. முதல்ல நீ பேசி முடி."

மாலைவரை மெர்வினுக்குக் கிடைத்தது கல், ஓர் ஆட்டுப்பல், நகத்தளவு சிவப்புச் சில்லு ஒன்று. பூந்தொட்டி உடைசல் என்று அதை யாரிடமும் காட்டாமல் தன் சேகரிப்புப் பைக்குள் எறிந்தார்.

"என்ன கிடைச்சுது?" என்று வீட்டில் கேட்டாள் மனைவி லினெட்.

"பொருள் முக்கியமில்ல லினெட். மண் அடுக்கைப் புரிஞ்சுக்கறதுதான் முக்கியம்."

"ஒண்ணும் கிடைக்கலைன்னு சொல்லேன்."

அந்த வார்த்தை அவருக்குச் சுருக்கென்று தைத்தது. சாப்பாட்டுக்குப் பிறகு வரவேற்பறைக் கண்ணாடி அலமாரியைத் திறந்தார். முன்பொரு சந்தையில் வாங்கிய ரோமானியச் செப்புக்காசு உள்ளே இருந்தது. நிஜமான காசு. எங்கிருந்தோ மண்ணிலிருந்து வந்ததுதானே, இந்த மண்ணிலிருந்து வந்திருக்கக் கூடாதா என்று தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டார்.

ஞாயிறு காலை தூறல். மற்றவர்கள் தேநீர்க் கூடாரத்துக்குள் ஒதுங்கியபோது மெர்வின் தன் சதுரத்தில் கட்டைவிரலால் காசை அழுத்திப் புதைத்து, மேலே மண்ணைத் தடவி மூடினார். எல்லோரும் திரும்பி வந்ததும் அலறினார். "கடவுளே! இங்க வாங்க!"

இமோஜன் குனிந்து வெகுநேரம் பார்த்தாள். "எப்படி இருந்துது?"

"மூணு சென்டிமீட்டர் ஆழத்துல. அசையாம."

"இதே அடுக்குலதான் காலைல டோரின் மார்மலேட் ஜாம் ஜாடித் துண்டு எடுத்தாங்க. விக்டோரியா ராணி காலத்து ஜாடி. ரோமானியர்களுக்கு ஆயிரம் வருஷத்துக்கும் மேல பிந்தினது."

"அப்ப ஜாடிதான் முயல் வளை வழியா உள்ள போயிருக்கும்."

"ஜாடியா?"

"பெரிய முயல்," என்றார் மெர்வின்.

டோரின் காசை வாங்கி, மீனைச் சோதிப்பதுபோல மூக்கருகே கொண்டுபோனார். "லாவெண்டர் வாசனை வருதே! மேஜைக்குப் பூசற மெழுகு. ரோமாபுரிக்காரங்க வீட்டை எவ்வளவு சுத்தமா வச்சிருக்காங்க பாரு கண்ணு!"

குழியே சிரித்தது. மாதம் தவறாமல் அலமாரியையும் அதிலிருந்த சாமான்களையும் மெழுகு போட்டுத் துடைக்கிறவள் லினெட். அந்த நினைப்பு மெர்வினுக்கு அப்போதுதான் வந்தது.

இமோஜன் சிரிக்கவில்லை. பதிவுத்தாளையும் பென்சிலையும் நீட்டினாள். "இடம், ஆழம், கண்டெடுத்தவர் கையெழுத்து. நீங்களே எழுதுங்க."

பிறத்தியாருடைய தவறுகளை ஆயிரமாயிரம் தாள்களில் குறித்த கை அது. இன்று கையெழுத்துக் கோட்டுக்கு மேல் நின்றுவிட்டது. தாளில் தூறல் சொட்டியது.

"இது என்னோடதா இருக்கலாம். சட்டைப் பையிலேர்ந்து விழுந்திருக்கும்."

"மூணு சென்டிமீட்டர் ஆழத்துக்கா?"

இமோஜன் அவருடைய சேகரிப்புப் பையைத் தட்டில் கவிழ்த்தாள். சிவப்புச் சில்லை எடுத்து விரலால் துடைத்தாள். ஈரத்தில் அது பளபளத்தது. "இது?"

"பூந்தொட்டி. நேத்து எடுத்தேன்."

"ரோமானியக் கிண்ணம். கடல் தாண்டி வந்த உயர்ந்த சரக்கு. இந்தக் குழியில இதுதான் முதல் துண்டு."

மெர்வினின் முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப நான்தான்..."

"நேத்தே காட்டியிருந்தா சுவரோட காலத்தைச் சொல்ல உதவியிருக்கும். இனிமே உங்க சதுரத்துலேர்ந்து வந்த எதையும் நான் நம்ப முடியாது."

"ஆனா இது நிஜமா அங்கதான் இருந்துது!"

"அப்படின்னு நீங்க சொல்றீங்க."

சில்லை ஒரு சின்னப் பையில் போட்டு, அதன் மேல் 'இடம் தெரியாதது' என்று எழுதி, கம்பித் துண்டுகளும் ஆணிகளும் கிடந்த பெட்டியில் அதைப் போட்டாள். டோரின்கூட அப்போது சிரிக்கவில்லை. தன் தேநீரில் பாதியை மெர்வினுக்கு ஊற்றிக்கொடுத்தார். அதைக் குடிக்காமலேயே அவர் காரை நோக்கி நடந்தார்.

"அந்தப் பொண்ணுக்கு அனுபவம் போதாது," என்றார் வீட்டில். லினெட் ஒன்றும் கேட்கவில்லை. டோரினின் தங்கையும் அவளும் ஒரே சலூனில்தான் முடி வெட்டிக்கொள்கிறார்கள். வியாழக்கிழமைக்குள் கேட்காமலேயே எல்லாம் தெரிந்துவிட்டது.

அடுத்த மாதம் மெர்வின் பறவை பார்க்கும் சங்கத்தில் சேர்ந்தார். முதல் நாளே, மற்ற எட்டுப் பேரும் வேறு பக்கம் திரும்பியிருந்த அரை நிமிஷத்தில், நாற்பது வருஷமாக அந்தப் பக்கம் யாரும் கண்டிராத பறவை ஒன்றை அவர் மட்டும் பார்த்துவிட்டார்.